வேங்கிக்கால் மாடியில் ஒரு ஞானி

1

இன்று அண்ணனுக்குத் திதி. ஐந்தாவது வருஷம். இதற்கு ஒரு நாள் லீவு வேண்டும் என்று போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஸாண்ட்ராவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். இங்கிலாந்தில் துக்கத்துக்கும் படிவம் உண்டு. காரணம் எழுத ஒரு கட்டம், உறவு எழுத ஒரு கட்டம், இறந்த தேதி எழுத ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டம்தான் வருஷா வருஷம் என் உயிரை வாங்குகிறது.

ஸாண்ட்ரா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"கலா, போன வருஷம் இவர் மே மாதம் இறந்திருக்கிறார். அதற்கு முந்தின வருஷம் ஏப்ரலில். இப்போது வேறு ஒரு தேதி எழுதியிருக்கிறாய். உன் அண்ணன் ஒரு தேதியில் நிற்கவே மாட்டாரா?"

"மாட்டான். உயிரோடு இருந்தபோதே சொன்ன தேதியில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்ததில்லை" என்றேன்.

எங்கள் ஊரில் செத்தவர்கள் ஆங்கிலத் தேதி பார்த்து வருவதில்லை, நிலாவைப் பார்த்துதான் வருவார்கள் என்று விளக்கினேன். ஸாண்ட்ரா நல்லவள். கொஞ்சம் யோசித்து, 'தேதி மாறும் பண்டிகை' என்று எழுதி ஒப்புதல் போட்டுவிட்டாள். ஈஸ்டரும் என் அண்ணனும் இப்போது ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். கேட்டிருந்தால் அவன் நாலு நாள் தலை கால் தெரியாமல் ஆடியிருப்பான்.

ஆக, வீட்டில் இருக்கிறேன். வடைக்கு உளுந்து ஊறுகிறது. ஊரில் அண்ணி படையல் போட்டு முடிக்க அங்கே மாலை நாலு மணி ஆகும். அப்போது போன் செய்ய வேண்டும். அதுவரை இதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

2

அண்ணன் பெயர் ஏழுமலை. பெயரில் ஏழு மலை இருந்தும், வாசலில் இருந்த ஒரு மலையை அவன் ஒரு பௌர்ணமிக்கும் சுற்றியதில்லை. "அது எங்கயும் போவாது, நானும் போவ மாட்டேன். அப்பறம் எதுக்கு சுத்தணும்?" என்பான். கீழ்பென்னாத்தூரில் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்டுக்கொண்டிருந்த நிலத்தை விட்டுவிட்டு, திருவண்ணாமலையில் ஒரு சந்துக்குள் சின்னதாக அச்சகம் வைத்தான். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஊரில் பாதிப் பேரைச் சேர்த்து வைத்ததும் நான்தான், அனுப்பி வைத்ததும் நான்தான் என்று பீற்றிக்கொள்வான். குழந்தை இல்லை. வேங்கிக்காலில் மனைப்பிரிவு போட்டபோது ஒரு மாடி வீடு கட்டிக்கொண்டு அண்ணியோடு குடிபோனான்.

1989-இல் நான் லேப் டெக்னீஷியன் படிப்பும் கல்யாணமும் முடித்து மஸ்கட்டுக்கு விமானம் ஏறினேன். அதே வருஷம்தான் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. நான் தொலைந்த பிறகுதான் ஊர் உருப்பட்டது என்று அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். பத்து வருஷம் கழித்து மஸ்கட்டிலிருந்து இங்கே வந்தோம். அதற்கும் அவனிடம் ஒரு விளக்கம் இருந்தது, அதை இங்கே எழுத முடியாது.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. விளையாடுவது அவன், கஷ்டப்படுவது நான். வெளிநாட்டிலிருந்து ஒரு கால் போடுவது அந்தக் காலத்தில் லேசா? கடையில் போன் கார்டு வாங்கி, சுரண்டி, நீளமான நம்பரை அடித்து, லைன் கிடைத்து, மணி அடித்து, அவன் எடுப்பான். நான் "அண்ணா" என்பேன்.

"ராங் நம்பர்."

பட்டென்று வைத்துவிடுவான். பின்னாலிருந்து அண்ணி கத்துவது மட்டும் கேட்கும்: "அந்தப் பொண்ணுக்கு காசு போவுதுங்க!" மறுபடி முதலிலிருந்து எல்லா நம்பரையும் அடிப்பேன். இரண்டாவது தடவை எடுத்து, ஒன்றுமே நடக்காததுபோல், "யாரு, வெள்ளக்காரியா? சொல்லுடி" என்பான். பதினான்கு வருஷம், ஒரு தடவை தவறாமல்.

என் மகள் ப்ரியா என்னிடம் ஆங்கிலம்தான் பேசுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க மாமாவிடம் போனில் படித்தது. அதில் மூன்று வார்த்தைகளைத் தமிழ்ப் பள்ளியில் மேடையேறிச் சொல்லிவிட்டாள். அந்த வாரம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அண்ணனிடம் சொன்னேன், அவன் நாலாவது வார்த்தையைக் கற்றுக்கொடுத்தான்.

3

2003 கோடையில் அவனுக்கு இருமல் வந்தது. வேறு கம்பெனி பீடிக்கு மாறிப் பார்த்தான். இருமல் மாறவில்லை. உடம்பு இளைத்தது. வேலூரில் காட்டினார்கள். நுரையீரலில் புற்று, எலும்புக்கும் போய்விட்டது, அறுவை சிகிச்சை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது, மருந்து ஏற்றிக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார்கள். அப்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

"டாக்டர், அடுத்த வருஷத்து காலண்டர் ஆர்டர் எடுக்கலாமா வேணாமா?" என்று கேட்டானாம். டாக்டர் சிரித்துவிட்டு, "எடுங்க, ஆனா சீக்கிரமா அடிச்சு முடிச்சிடுங்க" என்றாராம். இதை அவனே போனில் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தான். சிரித்த பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன்.

அண்ணி கோயிலுக்குப் போய், இவர் பிழைத்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். அண்ணன் தலைக்குத்தான், அண்ணனைக் கேட்காமலேதான். இரண்டாவது முறை மருந்து ஏற்றியதும் முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. கொடுப்பதாகச் சொன்ன பொருள் கையில் இல்லை, சாமி குத்தம் ஆகிவிடும் என்று அண்ணிக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

"நான் இன்னா பண்றது கலா? சாமி ஆள் விட்டு வூட்டுக்கே வந்து எடுத்துனு போயிடுச்சி" என்றான் அண்ணன்.

அதுதான் அவன் அடித்த கடைசிக் கிண்டல். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எதுவும் இல்லை.

4

மூன்றாவது முறை மருந்து ஏற்றிய பிறகு அவன் பேச்சு கம்மியானது. அச்சகத்துக்குப் போகவில்லை. யாரும் சொல்லாமலே பீடியை விட்டான். முப்பது வருஷமாக, "சரோஜா, இது ரசமா, கை கழுவற தண்ணியா?" என்று கேட்டவன், போட்டதில் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்தான். காலையில் மாடிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அங்கேயே. மொட்டைத் தலை, ஒட்டிய கன்னம், மேலே ஒரு சால்வை, எதிரே மலை.

வேறு எந்த ஊராக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவர் இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போவார்கள்.

முதலில் கழற்றியவர் பக்கத்து வீட்டு நமச்சிவாயம். கலெக்டர் ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு மூன்று வரன் வந்து, எதை முடிப்பது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். மூன்று போட்டோவையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து, ஒவ்வொன்றாக அண்ணன் முகத்துக்கு நேரே காட்டி ஜாதக விவரம் சொல்லியிருக்கிறார். மூன்றாவது போட்டோவில் அண்ணன் கண்ணை மூடினான். தூங்கிவிட்டான் என்பது என் கருத்து. அவர் போய் அந்த வரனையே முடித்துவிட்டார். அடுத்த மாதமே மாப்பிள்ளைக்குச் சர்க்கார் வேலை கிடைத்தது.

அவ்வளவுதான். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆள் வர ஆரம்பித்தது. எலுமிச்சம்பழம், ஊதுபத்தி, நோட்டுப் புத்தகத்தில் தேர்வு எண் எழுதிய பிள்ளைகள். காட்டன் புடவை கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டு, சுவாமியின் உடம்பிலிருந்து அதிர்வுகள் வருவதாகச் சொல்லிப்போனாள். வந்தது உண்மைதான். அவனுக்குக் குளிர்ஜுரம்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை நமச்சிவாயம் எடுத்துக்கொண்டார். காலை பத்திலிருந்து பன்னிரண்டு, மாலை நாலிலிருந்து ஆறு. மாடிப்படியடியில் வருகைப் பதிவேடு. வரிசை எண், பெயர், ஊர், வந்த நோக்கம், கையொப்பம். நோக்கம் என்ற இடத்தில் யாராவது 'மன நிம்மதி' என்று எழுதினால், "விவரமா எழுதுப்பா" என்று திருப்பிக் கொடுப்பாராம்.

இதெல்லாம் அண்ணி போனில் சொன்னது. "அவரு முன்ன மாதிரி இல்லம்மா. கோவம் இல்ல, கிண்டல் இல்ல. சாமி மாதிரி உக்காந்துனு இருக்காரு. தீபத்தன்னிக்கு எங்க மாடியில நிக்க எடமில்ல, அவ்ளோ ஜனம். மலை மேல தீபம் ஏத்தனாங்க, எல்லாரும் எழுந்து கும்புட்டாங்க. இவரு திரும்பிக்கூட பாக்கல. நமச்சிவாயம் சொல்றாரு, உள்ளயே தீபத்த பாத்தவருக்கு வெளிய எதுக்குன்னு."

ஒப்புக்கொள்கிறேன், நானும் நம்பினேன். ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கும் தங்கைக்கு இதைவிட வசதியான செய்தி கிடைக்குமா? அண்ணன் வேதனைப்படவில்லை, பக்குவப்பட்டுவிட்டான். நான் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். போனேன்.

தீபம் முடிந்த வாரத்தில் ஒருநாள் அவனே போனை எடுத்தான். "அண்ணா" என்றேன். ராங் நம்பருக்காகக் காத்திருந்தேன்.

"சொல்லும்மா" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் என்னை 'ம்மா' போட்டுக் கூப்பிட்டதில்லை.

5

என் வேலை ரத்த மாதிரிகளை மெஷினில் ஏற்றி, வரும் எண்களை வார்டுக்கு அனுப்புவது. அதில் தினமும் வருவது சி.ஆர்.பி. உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் ரத்தத்தில் விடும் ஒரு புரதம். உள்ளே ஏதோ கனன்றுகொண்டிருக்கிறது என்று அந்த எண் சொல்லும். ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதற்கும் மனசுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

மறுநாள் எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். லேபுக்குத் தலைவி, அறுபது வயது, டீயில் சர்க்கரை போடாமல் என்னைக் கண்டால் மட்டும் பிஸ்கட் கேட்பவர். அண்ணன் ஞானியான கதையை முழுக்கச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"பசி இல்லை. எதிலும் பிடிப்பு இல்லை. யாரோடும் பேச்சு இல்லை. விட்டுவிட்டு ஜுரம். சரியா?"

"சரி."

"உனக்குக் கடும் ஃப்ளூ வந்தபோது என்ன செய்தாய்?"

"சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். யாராவது பேசினால் எரிச்சலாக இருந்தது."

"மூன்று நாள். உன் அண்ணனுக்கு அது மாதக்கணக்கில் நடக்கிறது என்று வைத்துக்கொள். கட்டி பெரிதாகிவிட்ட உடம்பில் அழற்சி ஓயாமல் எரியும். அது நுரையீரலோடு நிற்பதில்லை, மூளையையும் போய்த் தொடுகிறது என்றுதான் இப்போது நினைக்கிறார்கள். நோய் வந்த துக்கம் வேறு இருக்கிறது, அதில் எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இது மனச்சோர்வாக இருக்கலாம். அது ஒரு நோய். அவர் கோழையும் இல்லை, மன்னித்துக்கொள், ஞானியும் இல்லை. மருந்து கொடுத்துப் பார்க்கலாம்."

"சி.ஆர்.பி. எடுத்தால் தெரிந்துவிடுமா?"

"அழற்சி தெரியும். சோர்வுக்கு உன் மெஷினில் ரீடிங் வராது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்."

கேட்பதுதான் பிரச்சினை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டுப் பழக்கமே கிடையாது. அன்பு, கவலை, பயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சாப்பிட்டியா' என்ற ஒரே கேள்விதான். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு சாப்பிட்டியா என்று மூன்று விதமாகக் கேட்டேன். மூன்றுக்கும் "ம்" என்றான். மாடிப்படியில் இருந்த இன்னொரு போனை எடுத்து ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ப்ரியா குறுக்கே புகுந்தாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. முதலில், அவனைச் சிரிக்க வைக்க, அவன் சொல்லிக்கொடுத்த நாலு வார்த்தைகளையும் வரிசையாகச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"இன்னா மாமா, உனுக்கு எதுவுமே புடிக்கலையா? என்னக்கூடவா?"

கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாண்டா கண்ணு, எதுவுமே. உன்னகூட புடிக்கணும்னு தெரியுது. ஆனா வர மாட்டேங்குது" என்றான்.

ப்ரியா போனை வைத்துவிட்டு இறங்கி வந்து, "அம்மா, நீ போ" என்றாள். தமிழில் சொன்னாள்.

6

ஜனவரியில் போய் இறங்கினேன். பெட்டியோடு மாடிப்படி ஏறப் போனவளை நமச்சிவாயம் தடுத்தார்.

"கையெழுத்து போட்டுட்டு போம்மா."

"நான் அவரோட தங்கச்சி சார்."

"தெரியுதும்மா. நோக்கம்னு ஒரு கட்டம் இருக்குது பாரு, அதுல தங்கச்சின்னு எழுது."

எழுதினேன். வரிசை எண் போட்டுக் கொடுத்தார்.

மாடியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். சால்வைக்குள் ஆள் பாதிதான் இருந்தான். நான் காலடியில் உட்கார்ந்து அவன் முழங்காலில் தலையை வைத்தேன். நடுத்தலையில் குட்டுவான் என்று காத்திருந்தேன். கையை எடுத்து என் தலையில் வைத்தான், பக்தர்களுக்கு வைப்பதுபோல. அதைவிட அவன் என்னை அடித்திருக்கலாம்.

கீழே வந்து அண்ணியிடம் சொன்னேன். இது ஞானம் இல்லை, மனச்சோர்வு, டாக்டரிடம் போகணும். அண்ணிக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"புத்தி கெட்டவங்கள பாக்கற டாக்டரா? இந்த ஜனம் பாத்தா இன்னா சொல்லும்? ஒண்ணு சொல்றேன் கேளு. கேன்சர்காரன் பொண்டாட்டின்னு எல்லாரும் என்ன பாத்து உச்சு கொட்டினு இருந்தாங்க. இப்போ சாமியாரு வூட்டம்மான்னு கையெடுத்து கும்புடறாங்க. அவரு போவப்போறாருன்னு எனக்கு தெரியாதா? நல்ல பேரோட போவட்டுமேம்மா. நீ பிளைட்ல வந்துட்டு பிளைட்ல போயிடுவ. அத ஏன் எங்கிட்ட இருந்து புடுங்கற?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான் யார்? லீவில் வந்தவள். சண்டைக்காக இல்லாமல் நிஜமாகவே தெரிந்துகொள்ள நினைத்து, ஒன்று கேட்டேன்.

"அண்ணி, உங்கள கடைசியா எப்போ கிண்டல் பண்ணான்?"

அண்ணி சொல்ல வாயைத் திறந்தார். யோசித்தார். விரல் விட்டு மாதத்தை எண்ணினார். புரட்டாசியில் நின்றது விரல். அப்படியே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ரசத்த பத்தி ஒரு வார்த்த சொல்லலம்மா. வேணும்னே உப்பு போடாம வெச்சி பாத்தேன். அப்பவும் சொல்லல."

அதற்கு மேல் எங்களுக்குள் சண்டை இல்லை. அடுத்த கேள்வி, ஒரு ஞானியை நமச்சிவாயத்தின் கண்ணில் மண்ணைத் தூவி எப்படிக் கடத்துவது என்பதுதான்.

"சாமி கிரிவலம் போவப்போறாரு. ஆட்டோவுல. தனியா இருக்கணும்னு உத்தரவு" என்று அண்ணி போய்ச் சொன்னார். முப்பது வருஷம் அண்ணனோடு குடித்தனம் செய்தவர், இருந்தும் பொய் சொல்லி அன்றுதான் பார்த்தேன். உதடு துடித்தது. நமச்சிவாயம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு, ஆட்டோவுக்கு வேப்பிலை கட்டி அனுப்பினார்.

ஆட்டோ ஊருக்குள் ஒரு மருத்துவமனைச் சந்தில் நுழைந்தது. மனநலம் பார்க்கிற டாக்டர் இளம்வயதுக்காரர். சால்வையையோ விபூதியையோ அவர் கவனிக்கவே இல்லை. அண்ணனைப் பார்த்து நேராகக் கேட்டார்: "உங்களுக்கு எப்படி இருக்குது, நீங்களே சொல்லுங்க."

அண்ணன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னான்.

"எதிர்ல மலை இருக்குதுன்றாங்க டாக்டர். நான் பாக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாரும் வந்து கும்புடறாங்க. எழுந்து போங்கன்னு சொல்லகூட தோணல."

அண்ணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அவர் கும்பிட்ட மௌனத்துக்குள் இதுதான் இருந்திருக்கிறது.

ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் சீட்டு வந்தது. சி.ஆர்.பி. எண்ணைப் படித்தேன். எங்கள் லேபில் அப்படி வந்தால் உடனே வார்டுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். நான் யாருக்குப் போன் போடுவது? மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேலூர் டாக்டரோடு பேசிவிட்டு மருந்து எழுதினார்கள். வலிக்குச் சரியான அளவு, அழற்சியை அடக்கக் கொஞ்ச நாளைக்கு ஒரு மாத்திரை, மனசுக்கு ஒரு மாத்திரை. கடைசி மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், செய்யாமலும் போகலாம், புற்றுக்கு இது மருந்து இல்லை என்று டாக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோக்காரர், "அந்த ரிடையர்டு சார் எங்கிட்ட கேப்பாரும்மா, கிரிவலம் போனீங்களான்னு. சாமி விஷயம், பொய் சொல்ல மாட்டேன்" என்றார். வேறு வழியில்லை. அப்படியே மலையைச் சுற்றினோம். அண்ணன் வாழ்க்கையில் போன ஒரே கிரிவலம். பதினான்கு கிலோமீட்டரும் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

7

நான் திரும்பி வந்துவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் போன் போட்டேன். "சொல்லும்மா." அடுத்த ஞாயிறு, "சொல்லும்மா." சாப்பாடு கொஞ்சம் இறங்குகிறது என்றார் அண்ணி. ஜுரம் கம்மி என்றார். எனக்கு வேண்டியது அது இல்லை.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் போன் போட்டேன். "அண்ணா" என்றேன். பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"ராங் நம்பர்."

பட்டென்று வைத்தான். நான் சமையலறையில் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் சுவரை இடித்தார். அவசரத்தில் கார்டு நம்பரை மூன்று தடவை தப்பாக அடித்தேன். நாலாவது தடவை நிஜமாகவே ராங் நம்பர், யாரோ ஆரணிக்காரர். அவரிடமும் நன்றி சொல்லிவிட்டு மறுபடி போட்டேன்.

"யாரு, வெள்ளக்காரியா? சொல்லுடி. நல்லா போயினு இருந்த தொழில கெடுத்துட்டயேடி. இன்னும் ரெண்டு மாசம் வுட்டிருந்தா ஆசிரமம் கட்டியிருப்பேன்."

அண்ணன் நோயாளிதான். இருமல் இருந்தது, படி ஏற முடியவில்லை, சில நாள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தான். ஆனால் நடுவில் அவன் இருந்தான். முதல் காரியமாக அச்சகத்துக்கு ஆட்டோவில் போய் ஒரு நோட்டீஸ் அடித்துக் கொண்டுவந்து வாசல் கேட்டில் ஒட்டினான். ஒரு பிரதி எனக்கும் தபாலில் வந்தது, இப்போதும் வைத்திருக்கிறேன்.

"ஆணை எண் 1. பொருள்: அருள்சக்தி – இடமாற்றம் – தொடர்பாக. மேற்படி சக்தியானது நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு இன்று முற்பகல் முதல் அடுத்த வீட்டு திரு. நமச்சிவாயம் (ஓய்வு) அவர்களுக்கு மாற்றப்படுகிறது. பக்தர்கள் பதிவேட்டுடன் அவரை அணுகவும். நகல்: மலையில் உள்ள மேலதிகாரிக்கு, தகவலுக்காக."

நமச்சிவாயம் அதை இரண்டு தடவை படித்தாராம். "கோப்பு எண் போடலயே" என்று மட்டும் ஆட்சேபம் தெரிவித்தாராம். மறுநாள் காலை பத்து மணிக்கு நெற்றி நிறைய விபூதியோடு தன் வீட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் அந்தப் பக்கம் போனது. இன்றைக்கும் வியாழக்கிழமைகளில் நாலு பேர் வருவதாகக் கேள்வி.

ஒருநாள் நான் கேட்டேன்: "அந்த நாலஞ்சு மாசம் எப்படி இருந்துச்சி அண்ணா?"

"பேசாத. அங்க ஒண்ணும் இல்லடி. செத்தா எப்படி இருக்கும்னு ட்ரையல் பாத்துட்டு வந்துட்டேன். அதனால செத்தா பயம் இல்ல. உயிரோட இருக்கசொல்லயே அப்படி இருக்கறதுதான் பயம்." கொஞ்சம் இருமிவிட்டு, "சரோஜா ரசம் நல்லா வெக்கறாடி. அவகிட்ட சொல்லிடாத" என்றான்.

தலையில் அரை விரல் முடி முளைத்ததும், வேண்டுதல் தீரட்டும் என்று அண்ணி கூட்டிப்போய் மொட்டை போட்டார். நாவிதரிடம், கம்மியா இருக்குது, ஏதாவது பாத்து பண்ணுங்க என்று பேரம் பேசியிருக்கிறான்.

இரண்டு மாதம் அப்படிக் கிடைத்தது. ஒரு சித்திரை மாதக் காலை, வழக்கம்போல் போன் போட்டேன். மணி அடித்து முடிவதற்குள் யாரோ எடுத்தார்கள். "கலா" என்றார் அண்ணி. நான் யார் என்று சொல்வதற்கு முன்பே என் பெயரைச் சொன்னார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

8

இதுவரை நடந்த நாலு திதிக்கும் நான் போன் போட்டபோதெல்லாம் அண்ணி முதல் மணியிலேயே எடுத்து, "வா கலா, படையல் போட்டுட்டேன்" என்று சொல்லி அழுவார். நானும் அழுவேன். காக்கா வந்ததா என்று கேட்பேன். வந்தது என்பார். கார்டு தீரும்.

வடை சுட்டுவிட்டேன். ப்ரியாவுக்கு இப்போது பதினாறு வயது, என் சமையலை வாசனையிலேயே மறுத்துவிடுகிறாள். ஆனால் இன்று பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அந்த நாலு வார்த்தைகளையும் வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் செய்கிற திதி அதுதான்.

அங்கே நாலு மணி ஆனது. போன் போட்டேன். முதல் மணியில் எடுக்கவில்லை. ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"அண்ணி" என்றேன்.

மூச்சு மட்டும் வந்து போனது.

"ராங் நம்பர்."

பட்டென்று வைத்துவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லா நம்பரையும் முதலிலிருந்து மறுபடி அடித்தேன்.

"யாரு, வெள்ளக்காரியா?" என்றார். குரல் நடுங்கியது, ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தார். "சொல்லுடி."